கிற்றாரின் கழுத்தும் எழுவைதீவு வேம்பும்

வாத்தியம் வாங்கப் புகுவோரிற் பலர் கண்ணால் வாங்குகின்றனர். சற்று அனுபவம் உடையோர் காதால் வாங்குகின்றனர். வாசிப்பவனுடைய கையையும் அவன் வாழும் ஊரின் காற்றையும் எண்ணிப் பார்த்து வாங்குவோர் மிகச் சிலரே. அண்மைக்காலம் வரை நானும் முதலிரு வகுப்பினருள் ஒருவனாகவே இருந்தேன். எழுவைதீவைச் சேர்ந்த கடற்றொழிலாளி ஒருவரே என்னைத் திருத்தினார்.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள், என்னிடம் பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் சில தாள்களுடன் வந்து நின்றான். எழுவைதீவுப் பிள்ளை, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறான். இரவற் கிற்றார் ஒன்றை வைத்துக்கொண்டே இசைக்குழுவில் நற்பெயர் பெற்றவன். கனடாவிலுள்ள அவனுடைய பெரியப்பா, அவனுக்கென்றே ஒரு மின்கிற்றார் செய்வித்துத் தர விரும்பி, செய்வோரின் படிவத்தை அனுப்பியிருந்தார். உடலுக்கு எந்த மரம்? கழுத்துக்கு எந்த மரம்? கழுத்தை உடலோடு எவ்வாறு இணைப்பது? தந்தியின் நீளம் எவ்வளவு? இப்படி வினாக்கள் பக்கம் பக்கமாக நீண்டன.

“பெரியப்பா இரவு வேலை செய்து சேர்த்த காசு, சேர். சொல்லிச் செய்வித்த பொருளைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். பிழைவிட்டால் பிழைதான்,” என்றான்.

அவன் குரலிற் பரீட்சைக்கு முன்பும் நான் காணாத அச்சம் இருந்தது.

வீணை காட்டிய வழி

இத்தகைய வினாக்கள் நம்மவர்க்குப் புதியனவல்ல. தஞ்சாவூர் வீணை செய்விப்போர் நெடுங்காலமாக இவற்றைக் கேட்டு வந்துள்ளனர். நன்கு முற்றிய பலாமரமே அதற்கு உரியது. குடமும் தண்டியும் ஒரே மரத்திற் குடைந்தெடுக்கப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தப்பட்டால் ஒட்டு வீணை. முன்னதற்கே மதிப்பும் விலையும் அதிகம். இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் வாத்தியம் என்ற பெருமையும் 2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குக் கிடைத்தது.

மின்கிற்றாரின் கழுத்தை இணைப்பதிலும் மூன்று வழிகள் உள்ளன. கழுத்து மரமே உடலின் நடுவாக அடிவரை ஓடுவது ஒன்று. கழுத்தைத் தனியே செய்து பசையிட்டு ஒட்டுவது மற்றொன்று. திருகாணிகளாற் பூட்டுவது மூன்றாவது. ஏகாண்ட வீணையின் மீதுள்ள பக்தியால் நான் சற்றும் தயங்காது முதல் வழியைக் குறித்தேன். விரற்பலகைக்குக் கருங்காலி, உடலுக்கு மகோகனி, அதன்மேல் அலையலையாக வரியோடும் மேப்பிள் பலகை என்று எழுதிக்கொண்டே போனேன். ஈற்றில் விலையைக் கூட்டிப் பார்த்தபோது இருவர் முகமும் வாடின. பையனின் தந்தையாரைக் கேட்டு முடிவு செய்வோம் என்று கூறி அவனை அனுப்பினேன்.

ஒரு தந்தையின் கேள்வி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து படகேறி எழுவைதீவுக்குச் சென்றேன். பனையும் வேம்பும் நிழல் தரும் சிறு தீவு அது. எந்தத் திசையில் நடந்தாலும் சிறிது நேரத்தில் கடல் எதிர்ப்படும். வெயிலையும் காற்றையும் டீசல் இயந்திரத்தையும் ஒருங்கே பயன்படுத்தும் மின்னமைப்பு அங்கு நிறுவப்பட்டுள்ளது. மின்கிற்றாருக்கு வேண்டிய மின்சாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் கிற்றார் பழுதுபட்டால் திருத்துவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

பையனின் தந்தையார் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் கூறியவற்றை எல்லாம் பொறுமையுடன் கேட்டார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதில் முதலிற் கெடக்கூடியது எது, மாஸ்டர்?”

“கழுத்துத்தான்,” என்றேன்.

“அப்படியென்றால் அதைக் கழற்ற முடியாமற் செய்விப்பானேன்? வள்ளத்திலே முதலிற் கெடுவது சுக்கானும் இயந்திரமும். அவற்றைக் கழற்றக்கூடியதாகத்தானே வைத்திருக்கிறோம்.”

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. என் இளமையிலும் ஒரு மலிவுக் கிற்றார் இருந்தது. அதன் கழுத்தினுள்ளே வளைவை நேராக்கும் உருக்குத் தண்டு இல்லை. ஒரு மாரிகாலம் முடிவதற்குள் கழுத்து வில்லாய் வளைந்துவிட்டது. பின்னர் அது பல ஆண்டுகள் சுவரிற் தொங்கும் அலங்காரமாயிற்று. அந்த அனுபவம் இருந்தும் நான் அதை மறந்துவிட்டேன்.

அந்தத் தந்தையின் கேள்வியையே அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவரும் கேட்டிருக்க வேண்டும். அவர் வானொலி திருத்துபவராகத் தொழில் தொடங்கியவர். 1950ஆம் ஆண்டளவில் அவர் வெளியிட்ட திண்ணுடற் கிற்றாரின் கழுத்து நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது. செய்வதும் எளிது, கெட்டால் மாற்றுவதும் எளிது. 1952இல் வெளிவந்த கிப்சன் லெஸ் போல் கிற்றார் ஒட்டிய கழுத்துடையது. இரண்டும் இன்றுவரை உலகெங்கும் புகழோடு ஒலிக்கின்றன. எனவே திருகாணி கண்டு ஒரு வாத்தியத்தைத் தாழ்த்தி எண்ணுதல் தவறு.

மின்கிற்றார் எதனைக் கேட்கிறது?

இனி உடலின் மரத்துக்கு வருவோம். வீணையின் குடம் தானே அதிர்ந்து ஒலி பெருக்குவது. ஆதலின் அங்கு மரமே குரல். மின்கிற்றாரின் நிலை வேறு. அதன் உருக்குத் தந்திகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. தந்தி அசையும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831ஆம் ஆண்டில் ஃபரடே கண்ட தத்துவம் இதுவே. அம்மின்னோட்டத்தையே ஒலிபெருக்கி நமக்குக் குரலாக்கித் தருகிறது. சுருள் காண்பது தந்தியின் அசைவை, மரத்தையன்று.

1940ஆம் ஆண்டளவில் லெஸ் போல் என்னும் கலைஞர் நாலங்குலச் சதுரப் பைன் கட்டையொன்றில் கழுத்தையும் தந்திகளையும் பொருத்தி வாசித்தார். காண்போருக்குக் கிற்றார் போலத் தோன்றுவதற்காகவே இருபுறமும் பொய்யுடல் ஒட்டினார். தந்தி நெடுநேரம் ஒலிப்பதற்கு உறுதியான கட்டை உதவும். அவ்வளவில் மரத்துக்கும் பங்குண்டு. ஆனால் மரத்தின் பெயருக்காக இரட்டிப்பு விலை கொடுக்கும் முன், அதே பணத்தை நல்ல கழுத்துக்கும் நல்ல காந்தச்சுருளுக்கும் கொடுத்தால் என்ன என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

கை அறியும் அளவுகள்

வாசிப்பவனின் இடக்கை எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பது கழுத்தையே. ஆதலின் இங்கு சில அளவுகளை அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது தந்தியின் நீளம். ஃபெண்டர் வழக்கில் அது 25½ அங்குலம். கிப்சன் வழக்கில் 24¾ அங்குலம். ஒரே தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே இந்த முக்கால் அங்குலம் ஏறக்குறைய ஆறு சதவீத விசை வேறுபாட்டைத் தருகிறது. குறுகிய விரலுடையோருக்கும் தந்தியை இழுத்து வாசிப்போருக்கும் சிறிய அளவே இதமானது.

இரண்டாவது விரற்பலகையின் வளைவு. பழைய ஃபெண்டர் கிற்றார்களின் பலகை 7¼ அங்குல ஆரையுடைய வட்டத்தின் பகுதி, நன்கு வளைந்தது. 12 அங்குல ஆரையுடைய பலகை தட்டையானது. மிக வளைந்த பலகையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், உயர்ந்த மெட்டுகளில் இடறி ஒலி அடைபடக்கூடும். கமகமே உயிராகவுள்ள நமது சங்கீதத்தை வாசிக்க விரும்புவோர் தட்டையான பலகையைத் தெரிவதே முறை.

மூன்றாவது பலகையின் மரம். இலங்கைக் கருங்காலி உலகப் புகழ் பெற்றது. இன்று அது சட்டத்தின் காவலில் உள்ள அரிய மரம். தோதகத்தி இனம் முழுவதையும் 2017 தைமாதம் சர்வதேச உடன்படிக்கை கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் 2019 கார்த்திகையில் விலக்கு அளிக்கப்பட்டது. மரத்தின் பிறப்பைக் கேட்டறிந்து வாங்குவது வாங்குவோனின் கடமையாகும்.

தன் இசைக்கு ஏற்ப வாத்தியத்தையே புதிதாக அமைப்பித்த பெரியோரும் உளர். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் கமகம் தெளிவுறும் பொருட்டு, நான்கு இரட்டைத் தந்திகளை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை வாசித்தார். வயலின் வித்துவான் எல். சங்கரின் இளமைக்காலம் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையது; அவருடைய தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா இங்கு சங்கீதம் கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் தமிழகம் சென்றது. பிற்காலத்தில் சங்கர் இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட மின்வயலினைத் தாமே வகுத்து, கென் பார்க்கர் என்னும் கிற்றார்த் தச்சரைக் கொண்டு செய்வித்தார். தமக்கு என்ன ஸ்வரங்கள் வேண்டும் என்பதை அறிந்த பின்னரே அவர்கள் வடிவத்தைத் தேடினர்.

வளவில் நின்ற வேம்பு

எங்கள் முடிவு இதுவாயிற்று: பெரியப்பா கழுத்தையும் காந்தச்சுருள்களையும் மட்டும் வாங்கி அனுப்பட்டும், உடலை இங்கேயே செய்வோம். மேப்பிள் கழுத்து, தோதகத்திப் பலகை, 24¾ அங்குலம், 12 அங்குல வளைவு, உள்ளே உருக்குத் தண்டு. உப்புக்காற்றை எண்ணி மெட்டுகள் துருப்பிடிக்கா உருக்கில் அமைந்தன. செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

உடலுக்கு மரம் எது? 2008 கார்த்திகையில் வீசிய நிஷா புயலில் அவர்கள் வளவில் நின்ற பழைய வேம்பு சாய்ந்தது. பையனின் பாட்டனார் அதை அரிந்து, வள்ளத்துக்கென்று கூரையின் கீழ் அடுக்கி வைத்திருந்தார். வேம்பு மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலும் வேப்பமரத்தால் ஆனதென்பர்.

ஒரு சிக்கல் இருந்தது. கன சதமமீற்றருக்குச் சுமார் 0.7 கிராம் நிறையுள்ள மரம் வேம்பு. கிற்றாருக்கு வழக்கமான ஆல்டர் சுமார் 0.45 கிராம். நாலாயிரம் கன சதமமீற்றர் அளவுள்ள உடலில் இது ஒரு கிலோ பாரத்தைக் கூட்டிவிடும். வள்ளம் கட்டும் ஓடாவியார் ஒருவர் அதற்கும் வழி கண்டார். நடுக்கட்டையை அப்படியே விட்டு, இருபுறமும் உள்ளே குடைந்து, மெல்லிய பலகையால் மூடினார். முடிந்த வாத்தியம் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நின்றது.

குதிரையை எங்கே வைப்பது என்பதைப் பையனே கணித்தான். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதி. ஆகவே அங்கிருந்து 12⅜ அங்குலம். தடித்த தந்திகளுக்குச் சிறிது பின்தள்ளினான். வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய அதிர்வு விதி, அன்று அவன் கையில் ஒரு நூலாகவும் பென்சிற் குறியாகவும் இருந்தது.

ஆடி மாதத்தில் மீண்டும் போனேன். பையன் திண்ணையிலிருந்து கல்யாணி ராகத்தை மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியமம் இன்னும் முற்றும் வசப்படவில்லை. அது வாத்தியத்தின் குற்றமன்று. வேம்பைக் காத்து வைத்த பாட்டனார் அருகே கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தந்தையார் அவ்வேளை ஒன்றும் பேசவில்லை. வாசிப்பு முடிந்ததும் கிற்றாரை வாங்கிப் பின்புறம் திருப்பி, நான்கு திருகாணிகளையும் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, “இறுக்கமாய்த்தான் இருக்கின்றன,” என்று மகனிடம் கொடுத்தார்.

பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கப்போகும் பெற்றோர், எது அழகு, எது விலையுயர்ந்தது என்று கேட்பதன் முன் அவர் கேட்ட கேள்வியைக் கேட்பார்களாக: இதில் முதலிற் கெடக்கூடியது எது? அதை நம் ஊரில், நம் கையால் திருத்த முடியுமா?