ஏழை சொல்லும் அம்பலம் ஏற வேண்டும்

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. அம்பலம் என்பது ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குக் கேட்ட பொதுவிடம். அன்று அம்பலம் செய்த வேலையை இன்று நீதிமன்றம் செய்கிறது. அங்கே ஓர் ஏழையின் சொல் ஏற வேண்டுமானால், சட்டம் படித்த ஒருவர் அவன் பக்கத்தில் நின்று பேச வேண்டும். அவரே வழக்கறிஞர்.

மருத்துவர், ஆசிரியை, செவிலி ஆகிய பணிகளைப் பற்றி மாணவியராகிய நாம் அடிக்கடி பேசுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நம் நீதிமன்ற ஏடுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றே எழுதுவது வழக்கம். அந்த எதிரிக்காக வாதாடும் இளம் வக்கீல்கள் எவ்வாறு உருவாகிறார்கள், அவர்கள் வளர என்னென்ன வழிகள் உள்ளன என்பதைச் சற்றுக் காண்போம்.

குற்றவாளிக்கு வக்கீல் எதற்கு?

'தவறு செய்தவனுக்காக வாதாடுவது பாவம் அல்லவா?' என்று சிலர் கேட்பதுண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. சாட்சிகளை விசாரித்து, நீதிபதி தீர்ப்புச் சொன்ன பின்னரே ஒருவர் குற்றவாளி ஆகிறார். அதுவரை அரசுத் தரப்பில் அரசு வக்கீல் பேசுகிறார். மறுபக்கம் பேச ஆளில்லை என்றால் தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை வைத்தது போலாகும் அல்லவா?

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதை நன்கு விளக்கும். 1961-ஆம் ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்தில் கிடியன் என்ற ஏழை மீது திருட்டு வழக்குப் போடப்பட்டது. வக்கீல் வைக்க அவரிடம் பணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்று கேட்டும் நீதிமன்றம் தரவில்லை. தாமே வாதாடினார், ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையில் இருந்தபடியே பென்சிலால் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பினார். இத்தகைய வழக்குகளில் ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டு அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில் தேர்ந்த வக்கீல் ஒருவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். கிடியன் விடுதலையானார். குற்றச்சாட்டும் அதுவே, மனிதரும் அவரே. பக்கத்தில் வக்கீல் நின்றதால் முடிவு மாறியது.

நம் நாட்டுச் சட்டம்

கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்கலாம், அவரைக் கொண்டு வாதாடலாம் என்று நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு கூறுகிறது. பணமில்லாதவருக்கு அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்ற 39-அ பிரிவு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது.

ஆயினும் ஏட்டில் எழுதியது தானாகச் செயலுக்கு வந்துவிடுவதில்லை. 1979-ஆம் ஆண்டு பீகார் சிறைகளில் ஏழைகள் பலர் விசாரணையே முடியாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த செய்தி நாளிதழில் வெளிவந்தது. சாட்டப்பட்ட குற்றத்திற்கு உரிய முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டி உள்ளே இருந்தோரும் உண்டு. அச்செய்தியைப் படித்த புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 'ஹுசைனாரா காத்தூன் வழக்கு' என்று புகழ்பெற்றது அதுவே. அதன் விளைவாகச் சுமார் 40,000 பேர் வெளியே வந்தனர் என்று கூறுவர். ஒரு பெண்ணின் கையெழுத்து எத்தனை சிறைக் கதவுகளைத் திறந்தது, பாருங்கள்!

அதன்பின் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீலைப் பெறலாம். பெற்றோர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. நம் திண்டுக்கல்லிலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

வக்கீல் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. மத்தியப் பிரதேசத்தில் 2013-ஆம் ஆண்டு நடந்த ஒரு கொலை வழக்கில், எதிரிக்குச் சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டும் பதிவு செய்யப்பட்டது. வழக்குக் கட்டைப் படிக்கவும் எதிரியுடன் பேசவும் வக்கீலுக்கு நேரம் இல்லை. இரண்டு வாரத்திற்குள் விசாரணை முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, மீண்டும் விசாரிக்கச் சொன்னது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவம் உள்ளவரையே சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும், தயாராவதற்கு ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் கூறியது. மறுவிசாரணையில், 2024-ஆம் ஆண்டு, அவர் குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டார். இடையில் பதினோரு ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன.

இவ்வழக்கு ஒரு கேள்வியை எழுப்புகிறது. பத்தாண்டு அனுபவம் உள்ள வக்கீல் வேண்டுமென்றால், அந்தப் பத்தாண்டுகளை அவர் எங்கே, எவரிடம், எதை உண்டு கழிப்பது?

கை பழகும் காலம்

நம் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்றது. பூட்டுப் பட்டறையில் சேரும் சிறுவன் முதல் நாளே சாவி வெட்டுவதில்லை. அரம் பிடிக்கவும் தகடு வெட்டவும் பழகிய பிறகே நல்ல பூட்டு அவன் கையில் உருவாகும். வக்கீல் தொழிலும் அவ்வாறே.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு. பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. நமக்கு அருகில் மதுரையிலும் தேனியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. திருச்சிராப்பள்ளியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளது. படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் ரூ. 750-க்கு மேலும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடம் ரூ. 125-க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது.

கறுப்புக் கோட்டு அணிந்த பிறகுதான் உண்மையான படிப்பே தொடங்குகிறது. புதியவர் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்கிறார். வழக்குக் கட்டுகளைப் படிப்பது, வாய்தா தேதிகளைக் குறிப்பது, ஜாமீன் மனு எழுதுவது, குற்றப்பத்திரிகையையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் வரிவரியாக ஒப்பிடுவது ஆகியவை அவருடைய வேலைகள். சாட்சியிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பதைச் சீனியர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அறிய வேண்டும். புத்தகத்தில் அது கிடைக்காது.

சட்ட உதவியில் இளைஞர்க்கு இடம்

2022-ஆம் ஆண்டு தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு புதிய முறையை வகுத்தது. 'சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை' என்று இதனைக் கூறுவர். அரசு வக்கீலுக்கு அலுவலகம் இருப்பது போல, ஏழை எதிரிகளுக்கும் மாவட்டத்தில் முழுநேர வக்கீல் அலுவலகம் ஒன்று அமைப்பதே இதன் நோக்கம்.

இதில் மூன்று படிகள் உள்ளன. தலைமை வழக்கறிஞருக்குக் குற்ற வழக்குகளில் பத்தாண்டு அனுபவம் வேண்டும். துணைத் தலைமை வழக்கறிஞருக்கு ஏழாண்டு வேண்டும். உதவி வழக்கறிஞராக மூன்றாண்டு வரை அனுபவம் உள்ள இளையவர்களே சேரலாம். இவர்களுக்கு மாதந்தோறும் மதிப்பூதியம் உண்டு. வெளியே சொந்தமாக வழக்கு நடத்தக் கூடாது. சட்டக் கல்லூரி மாணவர்களும் அங்கே பயிற்சி பெறலாம்.

இளையவருக்கு இதனால் இரண்டு நன்மைகள். முதலாவது, ஜாமீன், ரிமாண்டு, நடுவர் நீதிமன்ற விசாரணை என்று நாள்தோறும் வேலை கிடைக்கிறது. இரண்டாவது, ஐயம் வந்தால் கேட்பதற்குப் பத்தாண்டு அனுபவசாலி அதே அலுவலகத்தில் இருக்கிறார். சிறையில் இருக்கும் ஏழைக்கோ, தம் வழக்கறிஞர் யார் என்று தெரிகிறது; தேடிச் செல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது என்று வீட்டாருக்கும் தெரிகிறது.

இவை தவிர வேறு வழிகளும் உண்டு. சிறைகளில் நடக்கும் சட்ட உதவி மையங்களுக்குச் சென்று கைதிகளின் குறைகளைக் கேட்டு எழுதலாம். லோக் அதாலத்திலும் கிராமச் சட்ட விழிப்புணர்வு முகாம்களிலும் பங்கு கொள்ளலாம். வக்கீல் சங்கங்களில் மூத்தவர்கள் ஆற்றும் உரைகளைக் கேட்கலாம். 2024 ஜூலை முதல் பழைய குற்றவியல் சட்டங்களுக்குப் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளதால், மூத்தவரும் இளையவரும் சேர்ந்தே படிக்க வேண்டிய காலம் இது. சென்ற நூற்றாண்டுக்கும் முன்னரே மயிலாப்பூரில் வழக்கறிஞர்கள் சனிக்கிழமை தோறும் கூடித் தீர்ப்புகளை ஆராய்ந்தனர். அக்கூட்டத்திலிருந்தே 1891-ஆம் ஆண்டு 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற சட்ட இதழ் பிறந்தது. கூடிப் படிப்பதன் பயனுக்கு இது நல்ல சான்று.

வயிற்றுப்பாடு

இவ்வளவு வழிகள் இருந்தும், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் முதல் மூன்றாண்டுகளைத் தாண்ட முடியாமல் திணறுகின்றனர். காரணம் வருமானம் இன்மையே. பேருந்துக் கட்டணம், உணவு, விடுதி வாடகை, சட்டப் புத்தகம் ஆகிய அனைத்திற்கும் வீட்டையே நம்ப வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பொறுத்திருக்கலாம். பீடி சுற்றியும் நெசவு நெய்தும் படிக்க வைத்த பெற்றோரின் பிள்ளை எத்தனை நாள் பொறுப்பாள்?

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் மாதம் ரூ. 20,000-க்கும், பிற ஊர்களில் ரூ. 15,000-க்கும் குறையாமல் உதவித்தொகை தர வேண்டும், ஆண் பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்று கூறி, அதற்கான சுற்றறிக்கையை வெளியிடப் பார் கவுன்சிலைப் பணித்தது. அவ்வகையில் நம் திண்டுக்கல்லுக்கு உரியது ரூ. 15,000. இத்தொகை ஒவ்வொரு ஜூனியரின் கைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இதை ஜூனியருக்குச் செய்யும் தயவு என்று எண்ணலாகாது. நாளை வேடசந்தூரிலோ நிலக்கோட்டையிலோ ஒரு கூலித் தொழிலாளி கைதானால், அவருக்காக எழுந்து பேசப் போகும் திறமைக்கு இன்றே இடும் முதல் அது.

பெண்களுக்கு இத்துறை ஏற்றதா?

1923-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை, பெண் என்பதற்காகவே வக்கீல் தொழிலுக்கு வரக் கூடாது என்ற தடை நம் நாட்டில் இருந்தது. தடை நீங்கி நூறாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் 'கோர்ட்டு, போலீஸ், ஜெயில் என்று பெண் பிள்ளை அலைவதா?' என்ற பேச்சு இன்னும் வீடுகளில் கேட்கிறது. சிறையில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களோடு கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். தன் துயரத்தை ஒரு பெண்ணிடம் மனம் திறந்து சொல்வது அவர்களுக்கு எளிது. ஆகவே நாம் அங்கே செல்வது தகாதது அன்று. நாம் செல்லாமல் இருப்பதே குறை.

வழக்கறிஞர்களின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித ஈவோ, 1303-ஆம் ஆண்டு மறைந்தவர். ஏழைகளுக்காகக் கூலி வாங்காமல் வாதாடியவர். நம் தமிழகத்தில் வ. உ. சிதம்பரனார் கப்பல் ஓட்டுவதற்கு முன், ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகக் குற்ற வழக்குகளை நடத்தினார். ஆகவே இது இழிவான தொழிலன்று, பெரியோர் நடந்த பாதை.

முடிவுரை

இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்? தமிழையும் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுதவும் பேசவும் பழகலாம். பேச்சுப் போட்டியில் எதிரணியில் நிற்க அஞ்சாமல் இருக்கலாம். ஒருவர் மேல் பழி விழும்போது, அவர் பக்கத்துச் செய்தியையும் கேட்ட பின்னரே முடிவுக்கு வரலாம். பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர முயலலாம்.

பெற்றோரை நாங்கள் பணிவுடன் வேண்டிக் கொள்வது ஒன்றே. உங்கள் மகள் சட்டம் படிக்க விரும்பினால், முதல் சில ஆண்டுகள் பொறுத்தருளுங்கள். அவள் கற்றுத் தேறும் நாளில், கேட்க நாதியில்லை என்று எண்ணிய ஓர் ஏழையின் சொல் நிச்சயம் அம்பலம் ஏறும்.

— பத்தாம் வகுப்பு மாணவி