நூற்றைம்பது ரூபாய் சட்டை

போன மாதம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். 150 ரூபாய். "எக்ஸ்போர்ட் சரக்குண்ணே! ஃபாரின்ல இது ரெண்டாயிரம்" என்று அடித்துவிட்டார் கடைத் தம்பி. கழுத்தில் லேபிளைப் பாதி வெட்டியிருந்தார்கள். மிச்ச எழுத்தை வைத்துக் கம்பெனி பெயரைக் கண்டுபிடிக்க நானும் ஆபீஸ் நண்பரும் குறுக்கெழுத்துப் போட்டி ரேஞ்சுக்கு முயன்றோம். ஊஹூம்!

மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். பக்கத்து வரிசையில் ஓர் அக்கா. சட்டையையே பார்த்துக்கொண்டு வந்தவர், சமயநல்லூர் தாண்டியதும் கேட்டுவிட்டார்.

"எவ்வளவுக்குத் தம்பி வாங்கினீங்க?"

பெருமையாகச் சொன்னேன்.

"தோள்ல தையல் விட்டிருக்கு பாருங்க. செக்கிங்ல கழிச்ச பீஸு. இதைத் தைச்ச புள்ள அன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டியிருக்கும்."

எட்டு வருஷம் கார்மெண்ட்ஸில் ஓவர்லாக் மெஷினில் இருந்தவராம். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிவிடுவார்களாம். குறைந்தால் சூப்பர்வைசர் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாதாம். பாத்ரூமுக்கும் கணக்கு!

"நீங்க திருப்பிக் கேக்கலையா?"

"கேட்டா கேட்டுக்கு வெளியில நிக்கணும். 'பிரச்னை பண்ணினா ஆர்டர் போயிரும், அப்புறம் எல்லாருக்கும் சோறு இல்லை'ன்னுவாங்க."

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்ற கோட்டா முறை 2005 ஜனவரி 1-ம் தேதியோடு ஒழிந்தது. அதற்கப்புறம் சில காசு குறைந்தால் போதும், ஆர்டர் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ பறந்துவிடும். மலிவுத் தையல் இல்லாமல் அவர்கள் கடைக்கு ஆகாது. ஆர்டர் இல்லாமல் நம்மூருக்கு ஆகாது. நடுவில் நசுங்குவது மெஷின் முன்னால் இருப்பவர்.

இந்தக் கணக்கை ஓரிடத்தில் மாற்றிப் போட்டார்கள். இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான்.

வேடசந்தூர் பக்கமுள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்தப் பெண் இருந்த சங்கம், பெண்களே நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். வெளிநாட்டு உரிமை அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் மல்லுக்கட்டியது. 2022 ஏப்ரலில் ஆலையின் முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்திட்டது. சட்டை வாங்கும் ஹெச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டது; கேப்பும் பி.வி.ஹெச்சும் பின்னாலேயே வந்தன. அதுதான் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'.

பாலியல் தொல்லை, சாதி பாகுபாடு எதுவானாலும் புகார் வாங்க, சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிகளே ஒவ்வொரு லைனிலும் இருப்பார்கள். விசாரிக்க வெளி ஆட்கள். தீர்ப்பை ஆலை மதிக்காவிட்டால் ஆர்டரில் கை வைக்க வாங்குகிறவர்கள் கட்டுப்பட்டவர்கள். அதாவது... வாயைத் திறந்தால் ஆர்டர் போகும் என்பது போய், வாயை அடைத்தால் ஆர்டர் போகும்!

வெறும் பூச்சாண்டி இல்லை. கட்டாய உழைப்புப் புகாரில் 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்கே தடை போட்டது. செப்டம்பரில் நீக்கியது.

ஆரப்பாளையத்துக்காரனுக்கு இதில் ஆச்சரியமில்லை. வருஷா வருஷம் ஆவணியில் எங்கள் புட்டுத்தோப்பில் நடப்பது என்ன? உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமக்க வந்த சொக்கநாதருக்குப் பிரம்படி. அடி விழுந்ததோ அடித்த பாண்டியன் முதுகிலும். அவர் கடவுள், தானாக நடந்தது. வேடசந்தூர் அடி ஸ்டாக்ஹோமில் உறைக்கப் பத்திரம் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பத்திரமும் சுமார் ஐயாயிரம் பேருக்குத்தான். ஆர்டர் வந்தால்தான் அதற்கும் உயிர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரே கலங்கிப்போனது. என் 150 ரூபாய்க்கோ பத்திரமே கிடையாது. யாரிடம் கையெழுத்து வாங்குவது, கடைத் தம்பியிடமா?

திண்டுக்கல் வந்தது. இறங்கும்போது அக்கா திரும்பினார்.

"வீட்டுல தோள்ல ரெண்டு தையல் போட்டுக்கங்க. இல்லைன்னா பிரிஞ்சிரும்."

"தனியா ரூம்ல இருக்கேன்க்கா. யார்கிட்டக் குடுக்கறது?"

"கை இருக்குல்ல?"

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம்!