செயற்கை நுண்ணறிவு: முதலாளிமார் எங்கிருந்து தொடங்குவது?

எனது கடையில் கடந்த வருடம் நடந்த ஒரு விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா நிலுவை வைத்திருந்தார். அவர் தந்த இரண்டு காசோலைகளும் திரும்பி வந்துவிட்டன. "தம்பி, மரியாதை குறையாம ஒரு கடிதம் அடிச்சு அனுப்புங்க" என்று கணக்குப் பார்ப்பவரிடம் சொன்னேன். அவர் சட்ஜிபிடியிடம் கேட்டு, ஐந்து நிமிடத்தில் அழகான ஆங்கிலக் கடிதமொன்றைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் பந்தியை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டேன்.

மூன்றாவது பந்தியில், நிலுவையை ஆறு மாதத் தவணைகளில் செலுத்தலாம் என்றிருந்தது. அதை நானும் சொல்லவில்லை, அந்தத் தம்பியும் சொல்லவில்லை. மரியாதையாக எழுதச் சொன்னதற்கு இயந்திரம் தானாகவே கொடுத்த சலுகை அது. "நானா, இதுல இருக்கிறது உங்கட கையொப்பம்தானே?" என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஆறு மாதம் காத்திருந்துதான் அந்தப் பணத்தை எடுத்தேன். எனக்குச் சரக்குத் தந்தவருக்குச் சொன்ன தவணையில் பணம் கட்ட, வேறிடத்தில் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

இதே சறுக்கல் பெரிய கம்பனிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 2022இல் கனடாவில் பாட்டியை இழந்த ஒருவர், எயார் கனடா விமானக் கம்பனியின் இணையத்தளத்தில் பதில் சொல்லும் இயந்திரத்திடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணம் செய்த பின்னரும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. கம்பனியின் விதி அப்படியல்ல. பணம் கேட்டபோது கம்பனி மறுத்தது. இயந்திரம் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வகையிலும் வாதாடியது. அந்த வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 2024 பெப்ரவரியில், சுமார் 812 கனேடிய டொலரைக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தொகை சிறியதுதான். ஆனால் உங்கள் பெயரில் இயந்திரம் கொடுக்கும் வாக்கு உங்களுடைய வாக்கு என்பது அதில் தெளிவாகிவிட்டது.

ஏன் இப்படித் தவறுகிறது?

சட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. கூகுளின் ஜெமினி போன்றவையும் ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்தவைதான். பெருந்தொகையான எழுத்துக்களைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து எழுதுவதே இவற்றின் அடிப்படை. அதனால் கடிதம் அழகாக வரும். ஆனால் உங்கள் கடையின் கடன் விதியோ, களஞ்சியத்தில் இருக்கும் சரக்கோ நீங்கள் கொடுத்தாலொழிய அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தைப் பொருத்தமாகத் தோன்றுவதைக் கொண்டு நிரப்பிவிடும். சரியானதைச் சொல்லும் அதே தோரணையில்தான் பிழையையும் சொல்லும்.

இதற்காக இதை ஒதுக்கிவிடுவதும் புத்தியல்ல. அந்தச் சம்பவத்துக்குப் பின்னரும் நான் இதைப் பாவிக்கிறேன், ஆனால் ஓர் ஒழுங்கோடு. அந்த ஒழுங்கைத்தான் கீழே தருகிறேன்.

முதலாளி முதலில் பழக வேண்டும்

"பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயங்களையே கேளுங்கள். முப்பது வருடமாக நீங்கள் விற்கும் பொருளைப் பற்றிக் கேட்டால், அது எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே அளக்கிறது என்பது உடனே பிடிபடும். தெரியாத துறையில் தொடங்கினால் எல்லாமே உண்மை போலத் தோன்றும்.

ஒரேயொரு வேலையைக் கொடுங்கள்

அந்த வேலையைத் தெரிவுசெய்ய மூன்று கேள்விகள் போதும். அது அடிக்கடி வருகிற வேலையா? பிழையிருந்தால் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாமா? பிழை தப்பிப் போனாலும் நட்டத்தைத் திருத்தலாமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தொடங்குங்கள். வெளிநாட்டுக்கு எழுதும் கடிதத்தின் முதற்பிரதி, விலைப்பட்டியலைச் சிங்களத்தில் தயாரிப்பது, வாடிக்கையாளர் முறைப்பாடுகளைத் தொகுப்பது போன்றவை இதற்கு ஏற்றவை. விலை குறிப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது என்று முடிவெடுப்பது, சுங்கத் தீர்வையைக் கணக்கிடுவது ஆகியவற்றைத் தொடக்கத்தில் இதனிடம் விடாதீர்கள்.

சரக்குக் கணக்கு பழைய ஊழியர் ஒருவரின் நினைவிலும் நான்கு கொப்பிகளிலும் கிடந்தால், எந்த இயந்திரமும் உதவாது. கணக்கை எக்ஸெலில் ஒழுங்காக ஏற்றுவதே பலருக்கு முதல் வேலையாக இருக்கும்.

எதைக் கொடுக்கக் கூடாது?

2023இல் சாம்சுங் கம்பனியின் ஊழியர்கள் சிலர் தங்கள் வேலையை இலகுவாக்க, கம்பனியின் இரகசியமான மென்பொருள் குறியீடுகளைச் சட்ஜிபிடியில் இட்டுவிட்டனர். அந்த வருடம் மே மாதத்தில் கம்பனி இவ்வகைச் சேவைகளின் பாவனைக்குத் தடை போட்டது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, கடன்காரர் பட்டியல், உங்கள் கொள்விலை ஆகியவற்றை அதில் இடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டிலும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

ஆட்களை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்

சுவீடனின் கிளார்னா என்ற கொடுப்பனவுக் கம்பனி, தனது இயந்திரம் 700 ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் அறிவித்தது. 2025இல் அதன் தலைவரே, செலவைக் குறைப்பதில் அதிக கவனம் செலுத்தியதால் சேவையின் தரம் குறைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளருடன் பேச மீண்டும் மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இயந்திரத்தின் பிழையைப் பிடிக்கக் கூடியவர் அந்த வேலையில் பழகிய ஊழியர்தான். அவரை அனுப்பிவிட்டால் பிழையைப் பிடிப்பது யார்?

ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். முன்பு எவ்வளவு நேரம் போனது, இப்போது எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மிச்சம் இருந்தால் இரண்டாவது வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம், வெட்கமில்லை.

இப்போது எனது கடையில் இயந்திரம் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அந்தத் தம்பி முதலில் முழுதாக வாசித்துத் தனது சுருக்கொப்பத்தை இடுவார். பின்னர் நான் கடைசி வரி வரை வாசிப்பேன். இதற்குப் பத்து நிமிடம் போகிறது. வாசிக்காமல் போட்ட ஒரு கையொப்பத்துக்கு ஆறு மாதம் போனதை நினைத்தால், இந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.