வீட்டுக் கிணறும் நாட்டு நீரும்

நமது பட்டணங்களில் பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர் பலர் முதலிற் செய்யும் காரியம், கொல்லைக் கிணற்றில் இடிகற்களைக் கொட்டி மூடிவிட்டு, ஆழ்துளைக் குழாய் இறக்குவதாகும். கிணறு வற்றிவிட்டது, சுவர் சரிந்துவிட்டது, குழந்தைகளுக்கு ஆபத்து என்று காரணங்கள் கூறப்படுகின்றன. தன் வீடு, தன் கிணறு, தன் பணம். இதில் பிறருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பாருமுண்டு. பிறருக்கும் மிகுந்த சம்பந்தமுண்டு என்பதே நமது கட்சி.

சட்டம் வீட்டுக்காரர் பக்கமே நிற்கிறது என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். 1843-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஆக்டன் - பிளண்டெல் வழக்கு தீர்ப்பாயிற்று. அயலார் நிலக்கரிச் சுரங்கம் வெட்டியதால் லங்காஷயர் பஞ்சாலைக்காரர் ஒருவரின் கிணறு வறண்டது. பூமிக்கடியில் ஓடும் நீரின் போக்கு மறைபொருளாதலின், தன் நிலத்தில் தோண்டியவர் மீது வழக்கில்லை என்றனர் நீதிபதிகள். அக்கொள்கையே 1882-ம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்டு சட்டத்தின் 7-வது பிரிவில் உதாரணமாகப் புகுந்து, அந்நியர் ஆட்சி ஒழிந்தபின்னும் ஒழியாமல் நிற்கின்றது.

அன்று மறைபொருளாயிருந்தது இன்று வெளிப்படை. ஒரே நீர்ப்படுகை பல வீடுகளின் அடியிற் பரவிக் கிடக்கிறது. ஒருவர் ஆழத்திலிருந்து இடைவிடாது இறைத்தால் அண்டை வீட்டு நீர்மட்டம் தாழும்; அவரும் இன்னும் ஆழமாகத் துளைப்பார். இப்போட்டியில் பணமுள்ளவர் கடைசிவரை துளைப்பார்; ஏழை குடத்துடன் தெருவில் நிற்பார். 2019-ம் வருஷக் கோடையில் சென்னைக்கு நீரளிக்கும் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்காக ஜனங்கள் வரிசையில் நின்ற காட்சியை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, மூடுமுன் கிணற்றைப் பரிசோதிக்க வேண்டும். தூர் சேர்ந்து ஊற்றுக்கண் அடைபட்டதா, உறை சரிந்ததா, நீர்மட்டமே தாழ்ந்ததா என்று அறிந்தால் பரிகாரம் தானே விளங்கும். தூர் வாருவதற்கு நீர் குறைந்த சித்திரை, வைகாசியே தக்க காலம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மாத்திரம் நம்பி எவரையும் உள்ளே இறக்கலாகாது. விளக்கு எல்லா விஷவாயுக்களையும் காட்டிக் கொடாது. காற்றைச் சோதித்து, வெளிக்காற்றை உட்செலுத்தி, இடுப்பிற் கயிறு கட்டி, மேலே ஆட்களை நிறுத்தியே இறக்க வேண்டும். எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே உயிரைக் குடிக்கும். கூலியாளின் உயிர் நம் குடத்து நீரினும் மலிவானதன்று. குழந்தைகளின் பொருட்டு கைப்பிடிச்சுவரும் இரும்பு வலை மூடியும் போதும். மலக்குழி கிணற்றிற்கு 50 அடிக்குள் இருத்தல் கூடாது. நீர் ஊறியபின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்துவிட்டு, நீரைச் சோதித்தறிந்த பின்னரே குடிக்க வேண்டும்.

நீர்மட்டம் தாழ்ந்ததே காரணமாயின், மருந்து மாடியின்மேல் இருக்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் கிடைக்கும். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. ஐந்திலொரு பங்கு வீணாயினும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். முதல் மழையை வெளியே விட்டு, பின்வரும் நீரைச் சரளையும் மணலும் இட்ட தொட்டியில் வடித்துக் கிணற்றில் விட்டால் அது படுகைக்குச் செல்லும். அண்டை வீட்டாரும் பயனடைவர். மழைநீர் சேகரிப்பு 2003-ம் வருஷத்திலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பெயருக்குப் பதித்த குழாயால் யாருக்கு லாபம்?

பழுதுபார்க்க முடியாதபடி சிதைந்து, வீட்டின் அஸ்திவாரத்திற்கே அபாயமாகிவிட்ட கிணறுகளும் உண்டு. அவற்றை மூடத்தான் வேண்டும். ஆனால் சுத்தமான மண்ணாலும் மணலாலும் மூட வேண்டும். குப்பையைக் கொட்டுவோர் ஊரார் குடிக்கும் நீரில் நஞ்சு கலக்கிறவராவர்.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைப் பிரசங்கத்திற்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு வார்டிலும் எத்தனை கிணறுகள் உயிரோடிருக்கின்றன, எத்தனை தூர்ந்து கிடக்கின்றன என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இயன்றவற்றைச் சீர்ப்படுத்துங்கள். அக்கணக்கைச் சட்டசபை அங்கத்தினர் முன் வைத்து, நிலத்தடி நீர் நிலக்காரரின் தனிச்சொத்தன்று, ஜனசமூகத்தின் பொதுச்சொத்து என்று சட்டத்தைத் திருத்தும்படி கேளுங்கள். 1843-ம் வருஷத்து ஆங்கில நியாயத்திற்கு நம் கிணறுகளை இன்னும் பலியிட வேண்டியதில்லை.