பத்து ரூபாய் நாணயத்துக்குள் பத்துக் குண்டுகள்

பாக்கெட்டில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால் ஒரு நிமிஷம் வெளியே எடுங்க. இப்போ ஒன்பது கிரிக்கெட் பிட்ச்சை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நீளவாக்கில் போட்டுப் பாருங்க. சுமார் 180 மீட்டர், அவங்க கணக்கில் 200 கஜம். 1901 மே 16 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்கிற ஊரில், சி. டபிள்யூ. ரோலண்ட் என்பவர் அந்தத் தூரத்தில் இருந்து பத்துக் குண்டு சுட்டார். பத்துத் துளைகளையும் உங்க கையில் இருக்கிற நாணயத்தால் ஏறக்குறைய மூடிவிடலாம். மிகவும் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே 0.725 அங்குலம், அதாவது 18 மில்லிமீட்டர் சொச்சம்.

கையில் பிடித்துச் சுட்டது இல்லை, தாங்கியில் வைத்துச் சுட்டது. ஆனாலும் யோசிங்க. கம்ப்யூட்டர் இல்லை, குண்டின் வேகத்தை அளக்கக் கையடக்கமான கருவி இல்லை. குண்டு ஆலையில் செய்ததும் இல்லை. அடுப்பில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறவைத்து எடுத்த குண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அது எப்படி சாத்தியமாச்சு, அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்த எபிசோட்.

முதலில் துப்பாக்கி. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் குடியேறிகள் அமெரிக்காவுக்குத் தங்கள் ஊர் விளையாட்டு ஒன்றையும் கொண்டுபோனார்கள். பெயர் ஷூட்சன். நின்றுகொண்டு, கனமான ரைஃபிளைக் கையில் தாங்கி, 200 கஜத்தில் இருக்கிற இலக்கைச் சுட வேண்டும். இலக்கில் 25 வளையம். நடு வளையத்துக்கு 25 புள்ளி, அதன் குறுக்களவு ஒன்றரை அங்குலம்தான். கூடவே பீர், சாப்பாடு, பாட்டு, குடும்பத்தோடு திருவிழா. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் எதிர்ப்பு உணர்வில் அது ரொம்பவே தேய்ந்துபோனது. 1948இல் ஒற்றைக் குண்டு ரைஃபிள் ஆர்வலர்களுக்காக ஒரு தேசியச் சங்கம் ஆரம்பித்தது. இன்றைக்கும் ஜான் பிரவுனிங் வடிவமைத்த பழைய வின்செஸ்டர் மாதிரியில் புதிதாகச் செய்த ரைஃபிள்களை வைத்துக்கொண்டு போட்டி நடத்துகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு குண்டு. சுட்டால் மறுபடி கையால் நிரப்ப வேண்டும்.

'லோடு' என்று இவர்கள் சொல்வது அந்த ஒரு தடவைக்கான முழுச் சமையல் குறிப்பை. எந்தக் கலவையில் வார்த்த குண்டு, எவ்வளவு எடை, எவ்வளவு தடிமன், மேலே என்ன மெழுகு, எந்த மருந்து, எத்தனை கிரெயின் (ஒரு கிரெயின் 0.065 கிராம்கூட வராது), எந்தத் தீப்பொறி மூடி. ஒரு துப்பாக்கிக்குப் பிடித்த லோடு அடுத்த துப்பாக்கிக்குப் பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் ஒவ்வொருத்தரும் தன் துப்பாக்கிக்கு உட்கார்ந்து தேடுகிறார்கள், சிலர் வருஷக்கணக்கில்.

இந்த இடத்தில் ஈயம் பற்றி ஒரு விஷயம். தமிழில் நாம் இரண்டு உலோகத்தையும் 'ஈயம்' என்கிறோம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று திட்டு விழும். காரீயத்துக்கு 327 டிகிரி. முன்னது சமையலறைக்கு வரலாம், பின்னது விஷம். குண்டு வார்ப்பவர்கள் காற்றோட்டமான இடத்தில் வார்க்கணும், கையைக் கழுவாமல் ஒரு வாய் டீகூடக் குடிக்கக் கூடாது, வேலைத் துணியோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. ஆனால் குண்டுக்குள் இந்த இரண்டு ஈயமும் சேர்கின்றன. 20 அல்லது 30 பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். அது சேர்ந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நன்றாக நிறையும், குண்டும் கொஞ்சம் கெட்டியாகும்.

ஏன் ரொம்பக் கெட்டியாக்கக் கூடாது? குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அந்தப் பள்ளங்களை நிறைத்து, அதைப் பிடித்துக்கொண்டு சுழன்று வெளியே வரணும். இந்தத் துப்பாக்கிகளில் வேகம் குறைவு, நொடிக்கு 1400 அடி அளவில். அந்த மிதமான அழுத்தத்துக்கு, ரொம்பக் கெட்டியான குண்டு விரிந்துகொடுக்காது. இடுக்கு வழியாக வாயு கசிந்து ஈயத்தை அரித்துக் குழலில் அப்பும். ரொம்ப மெத்தென்று இருந்தால் பள்ளத்தின் பிடியில் நிற்காமல் வழுக்கும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைத்தான் தேடுகிறார்கள்.

இனி ரோலண்டுக்கு வருவோம். அவர் பயன்படுத்திய குழலைச் செய்தவர் ஹாரி போப். 1861இல் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்தவர். சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்ட கையோடு 1906 நிலநடுக்கம் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பிறகு ஜெர்சி சிட்டியில் ஒரு கடையில் பல பத்தாண்டுகள் குழல் கடைந்தார். அவருடைய முறை விசித்திரமானது. மருந்து நிரப்பிய பித்தளைக் கூடு வழக்கம்போலப் பின்பக்கமாகப் போகும். குண்டு மட்டும் குழலின் முன்வாய் வழியாக உள்ளே போகும், பழைய காலத்துத் துப்பாக்கி மாதிரி.

எதுக்கு இந்தத் தலைகீழ் வேலை? ஈயக் குண்டைக் குழலுக்குள் தள்ளும்போது பள்ளங்களுக்கு இடையே இருக்கிற மேடுகள் குண்டின் பக்கத்தைச் சீவும். சீவிய ஈயம் பின்னோக்கி இழுபட்டுப் பிசிறாக நிற்கும். பின்பக்கமிருந்து தள்ளினால் பிசிறு குண்டின் அடியில் சேரும். முன்வாய் வழியாகத் தள்ளினால் பிசிறு மூக்குப் பக்கம் போய்விடும், அடிப்பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி சுத்தமாக இருக்கும்.

அடிப்பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிற வாயு அடி விளிம்பைச் சுற்றி வெளியே பாயும். விளிம்பு எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் வாயுவும் சமமாகப் பிரியும். ஒரு இடத்தில் மட்டும் பிசிறோ வெட்டோ இருந்தால் அந்தப் பக்கம் முந்திக்கொள்ளும். வாசலைத் தாண்டுகிறவன் குதிகாலைத் தட்டிவிட்ட மாதிரிதான். தடுமாறுவது அங்கே, விழுவது 180 மீட்டர் தள்ளி. அதனால் போப்பின் அச்சுகளில் உலோகத்தை மூக்குப் பக்கமாக ஊற்றுவார்கள். ஊற்றிய இடத்தை அறுத்த தழும்பு அடியில் வரவே வராது.

முன்வாய் வழியாகத் தள்ளும்போது வாய் தேய்ந்துவிடுமே? அதற்கும் வழி வைத்திருந்தார். குழலின் முனையிலிருந்து வெட்டிய அதே துண்டை ஒரு பொய் வாயாகச் செய்து, குண்டைத் தள்ளும்போது மட்டும் மாட்டுவார். அதில் ஒரு சின்ன முட்டு நீட்டிக்கொண்டிருந்து, குறிபார்க்க விடாமல் கண்ணை மறைக்கும். கழற்ற மறந்து சுட்டுவிடக் கூடாது இல்லையா? இந்த முட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சது. மனுஷன் மறப்பான் என்று தெரிந்து செய்த பொருள்.

இன்றைக்குப் பலர் குண்டைப் பின்பக்கமாகவே, ஆனால் கூட்டில் சொருகாமல், ஒரு நெம்புகோல் கருவியால் நேராகக் குழலில் அமர்த்திவிட்டு, பிறகு மருந்துக் கூட்டைத் தனியாக வைக்கிறார்கள். சிலர் ஒரு போட்டி முழுவதற்கும் ஒரே ஒரு கூடுதான். சுட்டது, எடுத்தது, மேஜையிலேயே நிரப்பியது, ஒவ்வொரு தடவையும் அதே திசையில் வைத்தது. பத்துக் கூடு என்றால் பத்து வித்தியாசம், ஒரு கூடு என்றால் அந்தக் கவலையே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். புகையில்லா மருந்து பழைய பெரிய கூட்டில் கொஞ்சம்தான் இடம் பிடிக்கும். தவறி இரண்டு தடவை கொட்டினாலும் வெளியே வழியாது, வெடிக்கும்போதுதான் தெரியும். அதனால் மருந்துக் கம்பெனியே வெளியிடும் அளவு அட்டவணையைத் தாண்டாமல், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண்ணால் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். நம்ம ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். இந்த எபிசோட் கேட்பதற்கு மட்டும்.

சரி, லோடு தேடுவது எப்படி? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும். மருந்தின் அளவைத் துளி துளியாக மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு சுட்டு, எது சின்னக் கூட்டமோ அதை எடுத்துக்கொள்வது. கேட்க நல்லாத்தான் இருக்கு. எட்டு அளவு, இருபத்து நாலு குண்டு, ஒரு காலை நேரம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள்.

தாயக்கட்டை உருட்டியிருப்பீங்க. மூன்று உருட்டில் இரண்டு தாயம் விழுந்தால், இது ராசியான கட்டை என்று எடுத்து வைத்துக்கொள்வோமா? வைத்துக்கொள்வோம், அதுதான் பிரச்சினை! மூன்று குண்டுக் கூட்டம் அப்படித்தான். ஒரே துப்பாக்கி, ஒரே லோடு, அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களில் ஒன்று ஓர் அங்குலமும் அடுத்தது இரண்டு அங்குலமும் வந்தால் அதில் ஆச்சரியமே இல்லை. எட்டு லோடும் உண்மையில் ஒரே தரம் என்றே வைத்துக்கொள்ளுங்க. அப்போதும் எட்டில் மிகச் சின்னக் கூட்டம் சராசரியில் ஏறக்குறைய பாதி அளவில்தான் வரும். அதைப் பிடித்துக்கொண்டு 'கண்டுபிடிச்சிட்டேன்' என்று போட்டிக்குப் போனால், அங்கே சராசரிதான் காத்திருக்கும். பழியை வெயில் மேலயும் மெழுகு மேலயும் போடுவோம்.

இன்னொன்று. குண்டு கூடக் கூடக் கூட்டம் அகலும். மூன்று குண்டுக்குச் சராசரியாக 1 அங்குலம் வருகிற துப்பாக்கி, எதையும் மாற்றாமலே பத்துக் குண்டுக்குச் சுமார் 1.6 அங்குலம் காட்டும். அதனால் ஷூட்சன்காரர்கள் பத்துக் குண்டுக் கூட்டத்தை மதித்ததில் அர்த்தம் இருக்கிறது. ஒரு பத்தும் போதாது, வேறு வேறு நாளில் பல பத்து வேண்டும். போதாததற்குக் காற்று. இந்த வேகத்தில் போகிற குண்டை, கன்னத்தில் லேசாக உணர்கிற குறுக்குக் காற்றுகூட நடு வளையத்தின் அகலத்துக்கு மேலே நகர்த்திவிடும். காற்றுக் கொடிகளைப் பார்க்காமல் சுட்ட கூட்டம் லோடைப் பற்றி எதுவும் சொல்லாது.

இப்போ ரோலண்டின் நாணயத்தைத் திரும்ப எடுங்க. அவர் சுட்ட கூட்டங்களிலேயே புகழ்பெற்றது அது. ஒருவர் சுட்டதில் ஆகச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தால் அதில் திறமையும் இருக்கும், அன்றைய அதிர்ஷ்டமும் இருக்கும். அந்தக் குழல் தினமும் 18 மில்லிமீட்டருக்குச் சுட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சாதனை பொய் என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான்.

அதே காலத்தில் மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டில் ஃபிராங்க்ளின் மான் என்று ஒரு டாக்டர் இருந்தார். எனக்கு ரோலண்டைவிட இவரைத்தான் பிடிக்கும். குழலைக் கான்கிரீட் பீடத்தில் அசையாமல் பொருத்தி, மனிதக் கையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். அதில் போப்பின் குழல்களும் உண்டு. எல்லோரும் நல்ல குண்டைத் தேடியபோது இவர் குண்டை வேண்டுமென்றே கெடுத்தார். சிலவற்றில் மூக்கைச் சிதைத்தார், சிலவற்றில் அடியைச் சாய்வாகச் சீவினார். வழியில் வரிசையாகக் காகிதத் திரைகளை வைத்து ஒவ்வொரு குண்டும் எங்கே துளைத்தது என்று பார்த்தார். மூக்கு கெட்ட குண்டுகள் பெரும்பாலும் சமர்த்தாகப் போயின. அடி கெட்டவை கூட்டத்தை விட்டு விலகின. எந்தப் பக்கம் கெடுத்தார் என்பதைப் பொறுத்து எந்தப் பக்கம் விலகும் என்றுகூட அவரால் முன்கூட்டியே பார்க்க முடிந்தது. போப் பட்டறை அனுபவத்தில் பிடித்து வைத்திருந்த அடிப்பக்க விஷயத்துக்கு ஆதாரம் இப்படிக் கிடைத்தது. பல பத்தாண்டு சோதனைகளை அவர் 1909இல் புத்தகமாகப் போட்டார். அதில் தோற்ற சோதனைகளும் நிறைய இருக்கின்றன. ஈயக் குண்டு வார்க்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

கேள்வி இருந்தால் எழுதுங்க. அந்தப் பத்து ரூபாயை மறக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கோங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.