மேனிக்கு மெருகு

ஏல மலையில் பறித்த பச்சைக்காய் அப்படியே சந்தைக்கு வருவதில்லை. ஸ்டோரில் சூடேற்றி உலர்த்துகிறார்கள். பின் தேய்த்துக் காம்பையும் பூவின் சருகையும் போக்குகிறார்கள். சல்லடையிட்டுப் பருங்காய் வேறு, பொடிக்காய் வேறு என்று பிரிக்கிறார்கள். அதன் பிறகே அது போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை போகிறது. தோல் பசேலென்று இருந்தால் மதிப்பு அதிகம். காய்க்கு இந்த மெருகு தகும். மனித முகத்தையும் இவ்வாறே தேய்த்து, உரித்து, நிறம் பார்த்து மதிப்பிடலாமா என்பதுதான் நமது கேள்வி.

கேள்வி வீணானதன்று. சிற்றூர்களிலுங்கூட இன்று அழகு நிலையங்கள் பெருகிவிட்டன. கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணை அங்கே அழைத்துச் செல்லும் வீடுகள் பல. ‘ஸ்க்ரப்’, ‘ஃபேஷியல்’, ‘கெமிக்கல் பீல்’ என்னும் பெயர்கள் நம் வீட்டுக் கூடங்களிலும் அடிபடுகின்றன. ஆகவே இவற்றின் தத்துவத்தைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம்.

சருமத்தின் மேற்பகுதியில், அடியிலே புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலே தள்ளப்பட்டு, உயிரற்ற செதில்களாகி உதிர்கின்றன. இளம் வயதில் இதற்கு ஏறக்குறைய 4 வாரம் ஆகும். வயது ஏற ஏறத் தாமதம் கூடும். உதிர வேண்டிய செதில் தங்கிவிட்டால் தோல் சொரசொரப்பாகவும் மங்கலாகவும் தோன்றும். அகன்றால் வழவழப்பு உண்டாகும். வித்தை இவ்வளவே. ஆனால் அந்த மேலடுக்கு வெறும் அழுக்கன்று. உடலின் ஈரத்தைக் காத்து, கிருமிகளைத் தடுக்கும் மதில் அது. மதிலில் உதிரும் காரையைத் துடைக்கலாம், செங்கல்லைப் பெயர்க்கலாகாது.

எண்ணெய் தேய்த்துப் பயற்றம் மாவிட்டுக் குளிப்பதும், நலங்கு மாவும், முற்றிய பீர்க்கங்கூடும் நம் வீடுகளில் செய்துவந்த வேலை இதுவே. கை மெதுவாக இருந்தால் தீங்கில்லை. எனினும் வீட்டுச் சரக்கெல்லாம் சாதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரக்கூடும். பரு நிறைந்த முகத்தில் சர்க்கரையையும் உப்பையும் அழுத்தித் தேய்ப்பது புண்ணில் கோல் இடுவதற்கு ஒப்பாகும்.

இரசாயனத்தால் தோல் உரிக்கும் முறை அதற்கு அடுத்த படி. ஜெர்மானிய வைத்தியர் பால் கெர்சன் ஊன்னா 1882-ஆம் ஆண்டிலேயே சாலிசிலிக் அமிலம் முதலியவை தோலில் செய்யும் வேலையை விவரித்திருக்கிறார். கரும்பில் காணும் கிளைகாலிக் அமிலமும், தயிரின் புளிப்பான லாக்டிக் அமிலமும் இன்று இதற்குப் பயன்படுகின்றன. செதிலோடு செதிலை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பை இவை தளர்த்துகின்றன. பரு, மங்கு முதலியவற்றுக்குத் தேர்ந்த வைத்தியர் கையில் இவை நற்பயன் தரும். வீரியமோ நேரமோ மிஞ்சினால் தோல் வெந்துபோகும். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் வெந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் மறையாமல் நிற்பதுண்டு.

ஆதலால் அமில உரிப்புக்குத் தோல் வைத்தியரையே நாட வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளையும், கர்ப்பமாயிருந்தால் அதனையும் அவரிடம் மறைக்கலாகாது. உரித்த பின் சில வாரம் வெயிலுக்கு ஒதுங்கியிருக்க வேண்டும். முகூர்த்தத்திற்கு முந்தின வாரத்தில் புதிய சோதனை எதுவும் வேண்டா. ‘நிறத்தையே மாற்றிவிடுவோம்’ என்று எவரேனும் வாக்களித்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். செதில் அகலுமேயன்றிப் பிறவி நிறம் அகலாது.

போடிமெட்டு ஏறி இறங்கும் ஜீப்புகளில் நாள்தோறும் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை அவ்வூரார் அறிவார்கள். மழையிலும் வெயிலிலும் உழைத்துக் காய்த்துப்போன அவர்கள் கைகளால் பறித்த காயே இங்கே பச்சை மெருகோடு விலை போகிறது. அவர்கள் முகம் கறுத்திருப்பது குற்றம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நம் பெண்களின் சருமம் நோயின்றி, சுத்தமாக இருக்கட்டும். அதற்குத் துணை செய்வது நம் கடமை. நிறத்தை வைத்து அவர்களைத் தரம் பிரிக்கும் வழக்கத்தைப் பெண் பார்க்கப் போகும் பெரியவர்களே முதலில் கைவிட வேண்டும்.