கோடை இடிமழை: திண்ணையில் இருந்தே கணிக்கலாம்

சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேகம் திரண்டு, மாலையில் இடி மின்னலுடன் கொட்டித் தீர்ப்பது தமிழகத்தில் வழக்கம். மார்ச் முதல் மே முடிய உள்ள கோடைப் பருவத்தில் மாநிலத்துக்குச் சராசரியாக 130 மி.மீ. அளவில் மழை கிடைக்கிறது. கோடை உழவுக்கு இம்மழை நல்லது. ஆனால் மழைக்கு முன்னே வரும் சூறைக்காற்று, குலை தள்ளிய வாழையைப் பத்து நிமிடத்தில் சாய்த்துவிடுகிறது.

இத்தகைய இடிமேகங்களைத் தேடிச் சென்று பார்ப்பதை அமெரிக்காவில் சிலர் பொழுதுபோக்காகவே கொண்டுள்ளனர். வசந்த காலத்தில் அங்குள்ள சமவெளிகளில் சுழல்காற்று அதிகம். 1956-ல் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த டேவிட் ஹோட்லி என்ற இளைஞர் தம் ஊரைச் சுற்றி இவ்வாறு மேகங்களின் பின்னே போகத் தொடங்கினார். அதில் ஆபத்தும் உண்டு. 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவில் அனுபவம் மிக்க ஆய்வாளர் டிம் சமராஸ், மகனுடனும் சக ஆய்வாளருடனும் சுழல்காற்றில் சிக்கி உயிரிழந்தார். தமிழகத்திலும் 'வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் ரேடார் படங்களைப் பார்த்து இடிமழையைப் பின்தொடர்கின்றனர். விவசாயிக்கு அலைச்சலே தேவையில்லை. மேகம் தானே வருகிறது. அது தம் ஊருக்கு வருமா, எவ்வளவு நேரத்தில் வரும் என்று அறிந்தால் போதும்.

வெயிலில் தரை சூடேறி, ஈரமுள்ள காற்று மேலெழும்பிக் குளிரும்போது மேகம் வளர்கிறது. காலிபிளவர் போலக் குவிந்து எழும் மேகம் இன்னும் வளர்கிறது என்று பொருள். 12 கி.மீ. உயரத்தை எட்டியதும், கொல்லன் பட்டறையின் அடைகல் போல உச்சி தட்டையாகப் பரவும். அது முற்றிய இடிமேகம். தனி மேகம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரமே. பக்கத்து ஊரில் வெளுத்து வாங்கிய மழை நம் ஊருக்கு வராமல் போவதற்குக் காரணம் இதுதான். வரும் வழியிலேயே மேகம் கரைந்துவிடுகிறது. ஆனால் கரையும் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அக்கம்பக்கத்தில் புதிய மேகத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

"காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, மேகம் இங்கு வராது" என்று பலர் சொல்வர். இது தவறு. மேகத்தை நகர்த்துவது பல ஆயிரம் அடி உயரத்தில் வீசும் காற்று. தரையில் வீசும் காற்றையோ மேகம் தன்னை நோக்கி இழுத்துக்கொள்கிறது. எனவே இடிமேகம் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகவே வருவதுபோல் தோன்றும். வீசிய காற்று சட்டென்று நின்று, மேகத்தின் பக்கமிருந்து குளிர்ந்த காற்று அடித்தால் சூறை வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் வேலை எதுவும் செய்ய நேரம் இராது.

மேகம் வரும் திசையை அறிய எளிய வழி உண்டு. கோயில் கோபுரம் அல்லது பனைமரம் ஒன்றை அடையாளமாகக் கொண்டு, ஒரே இடத்தில் இருந்து கால் மணி நேரம் கவனிக்க வேண்டும். அடிப்பகுதியின் மழைத்திரை அடையாளத்துக்கு இடமோ வலமோ விலகினால் மேகம் ஒதுங்கிப் போகிறது. விலகாமல் அதே திசையில் பெரிதாகிக்கொண்டே இருந்தால் நம்மை நோக்கி வருகிறது.

தூரத்தை இடி சொல்லும். மின்னலைக் கண்டதும் நொடிகளை எண்ணி, இடி கேட்டதும் நிறுத்தி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். முதலில் 36 நொடி, பத்து நிமிடம் கழித்து 24 நொடி என்றால், 12 கி.மீ. தொலைவு 8 கி.மீ. ஆகிவிட்டது; இதே வேகத்தில் இன்னும் 20 நிமிடத்தில் மின்னல் தலைக்கு மேல் வந்துவிடும். சூறைக்காற்று அதற்கு முன்பே வரும்.

இந்தக் கணக்கை வீட்டுத் திண்ணையில் இருந்தே போட வேண்டும். எண்ணிக்கை 30-க்குக் குறைந்தால் திண்ணையிலும் இருக்கக் கூடாது; வீட்டுக்குள் போய்விட வேண்டும். வயலில் இருப்போர் இடி காதில் விழுந்ததுமே கரையேறுவது நல்லது. கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம். தனி மரம், பனை, தகரக் கொட்டகை, திறந்த டிராக்டர் எதுவும் பாதுகாப்பல்ல. மோட்டார் ஸ்விட்சைத் தொடக் கூடாது. மரத்தடியில் கட்டிய மாடுகள் கூட்டமாக மடிவதற்குக் காரணம் உண்டு. மரத்தில் விழுந்த மின்சாரம் தரையில் பரவும்போது, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகமாதலால் மாட்டின் உடல் வழியே பாய்கிறது. மேகம் கருத்ததும் முதலில் மாட்டை அவிழ்த்துத் தொழுவத்துக்கு ஓட்ட வேண்டும்.

ஆகவே வாழைக்கு முட்டுக் கொடுக்கும் வேலையை மேகம் கண்ட அன்று செய்ய முடியாது. குலை தள்ளும் பருவத்திலேயே மண் அணைத்து, மரம் சாயும் பக்கத்தில் சவுக்கு அல்லது மூங்கில் கம்புகளைக் குறுக்காகக் கட்டி நிறுத்த வேண்டும். காய்ந்த இலைகளை அறுத்துவிட்டால் காற்றின் பிடி குறையும். பலத்த காற்று வீசும் என்று அறிவிப்பு வந்த நாளில் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. ஈர மண்ணில் வேர் பிடிப்பு தளரும். கம்புச் செலவு அதிகம்தான். எல்லா மரத்துக்கும் இயலாவிட்டால், முற்றிய குலையுள்ள மரங்களுக்கும் காற்று மோதும் ஓர வரிசைகளுக்கும் முதலில் கொடுக்கலாம்.

கைப்பேசி வைத்திருப்போர் வானிலைத் துறையின் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களைப் பார்க்கலாம். 200 கி.மீ. தொலைவில் ரேடார் கற்றை தரைக்கு 3 கி.மீ.க்கும் மேலே செல்வதால், தொலைவில் உள்ள ஊர்களின் தாழ்ந்த மேகங்கள் படத்தில் விட்டுப்போகும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி 20, 40 கி.மீ. சுற்றளவில் மின்னல் எச்சரிக்கை தருகிறது.

மழை ஓய்ந்ததும் பெய்த அளவைக் குறித்து வைக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தால் போதும். ஏக்கருக்கு 1 மி.மீ. மழை என்பது 4,000 லிட்டருக்குச் சற்று அதிகம். 25 மி.மீ. பெய்திருந்தால் ஒரு லட்சம் லிட்டர். மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போடலாம்.